ஏட்டில் இல்லாத மனிதன்

மனிதன் முந்தியவனா, மனிதனைப் பற்றிய எழுத்து முந்தியதா? இவ்வினாவைக் கேட்பவர் முறுவலிப்பர். பிறந்த பின்னரே பிறப்புப் பத்திரம். மணந்த பின்னரே மணச் சான்றிதழ். இறந்த பின்னரே இறப்புப் பதிவு. எழுத்து மனிதனைப் பின்தொடர்வதேயன்றி அவனுக்கு முன்னே செல்வதன்று. இத்துணைத் தெளிவான உண்மை, அரசாங்க அலுவலகத்தின் முகப்பை அடைந்ததும் தலைகீழாகி விடுகின்றது. அங்கே எழுத்து முன்னே நிற்கின்றது. மனிதன் அதன் பின்னே, வரிசை எண்ணைக் கையிற் பிடித்தவாறு காத்திருக்கின்றான். எழுத்து உள்ளவன் உள்ளவனாகின்றான்; எழுத்து இல்லாதவன் கண்ணெதிரே நின்றாலும் இல்லாதவனாகின்றான்.

கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து, அங்கேயே பால்மரம் சீவி, அங்கேயே பிள்ளைகளை ஆளாக்கி, எண்பது வயதை எட்டிய முதியோர் சிலர் இன்றும் சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்கின்றனர். நீல அட்டை குடிமக்களுக்குரியது; சிவப்பு அட்டை நிரந்தரக் குடியிருப்பாளர்க்குரியது. சிவப்பு அட்டையினர்க்கு வாக்குரிமை இல்லை. சமூகநலத் துறை ஏழை முதியோர்க்கு வழங்கும் மாத உதவித்தொகைக்குக் குடியுரிமை ஒரு தகுதியாதலின், வறுமையும் முதுமையும் கண்கூடாக இருந்தும் அவ்வுதவி அவர்களை அணுகுவதில்லை. ‘இந்த மண்ணில்தான் பிறந்தேன்’ என்று அவர்கள் கூறினால், ‘அதற்கு ஆதாரம் எங்கே?’ என்னும் வினா எழுகின்றது. அவ்வினா சட்டத்தின்படி சரியே. அறத்தின்படியும் சரியா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

ஆதாரம் எங்கே போயிற்று என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழர் பினாங்கிலும், 1972இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறிய போர்ட் சுவெட்டன்ஹாமிலும் வந்திறங்கினர். அவர்களைத் தோட்ட நிருவாகம் எண்ணிக் கணக்கெழுதியது உண்மையே. ஆனால், அக்கணக்கு உழைக்கும் கைகளின் கணக்கு. லயத்து வீடுகளில் மருத்துவச்சியின் கையில் பிள்ளைகள் பிறந்தன. எழுதப் படிக்க அறியாத பெற்றோர், பிறப்பைப் பதியும் பொறுப்பைத் தோட்டத்துக் கிராணியிடமோ மருந்தகத்து டிரெசரிடமோ ஒப்படைத்து அமைந்தனர். அவர் மறந்தால் ஒரு பிள்ளை ஏட்டிலிருந்து விடுபட்டது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவினுள் புகுந்தது. 1945 வரை நீடித்த அவ்வாட்சியில், சயாம்–பர்மா மரண இரயில்பாதை அமைக்கப் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டனர். திரும்பி வாராதவர் பலரின் பெயர்கள் எந்த ஏட்டிலும் ஏறாமலே மறைந்தன. அக்காலத்தில் பிறந்த பிள்ளைகளின் வயதைத் தாய்மார் ‘ஜப்பான்காரன் வந்த வருடம்’ என்று கணக்கிட்டனரேயன்றி, நாளும் மாதமும் குறித்து வைத்தாரிலர்.

அவசரகாலம் அறிவிக்கப்பட்ட 1948இல் அடையாள அட்டை நடைமுறைக்கு வந்தது. 1957 ஆகஸ்டு 31இல் நாடு விடுதலை பெற்றபோது, அதற்கு முன் இங்குப் பிறந்தவர் பதிவின் வழியாகக் குடியுரிமை பெறும் வாய்ப்பை அரசமைப்புச் சட்டத்தின் 16ஆம் விதி அளித்தது. முதல் ஓராண்டிற்குள் விண்ணப்பித்தோர்க்கு மலாய்மொழி அறிவு பற்றிய நிபந்தனையும் தளர்த்தப்பட்டிருந்தது. கதவு திறந்திருந்தது என்பதை மறுத்தல் நேர்மையாகாது. ஆயினும், அச்செய்தி ரப்பர்க் காட்டின் நடுவே இருந்த லயங்களையெல்லாம் எட்டிவிடவில்லை. எட்டிய இடத்தும், ‘பிறந்து வளர்ந்த ஊரில் இருப்பதற்குத் தாள் எதற்கு?’ என எண்ணியோர் உண்டு. ‘என்றேனும் ஊருக்குத் திரும்புவோம்’ எனக் காத்திருந்தோரும் உண்டு.

தாளின் மதிப்பு, தாள் கேட்கப்பட்ட நாளிலேதான் புலப்பட்டது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், குடிமக்கள் அல்லாதார் வேலை செய்வதற்கு உரிமம் பெறுதல் 1969இல் கட்டாயமாயிற்று. அதனை அடுத்து ஏறத்தாழ 60,000 தோட்டத் தொழிலாளர் இந்தியாவுக்குத் திரும்பினர் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ‘திரும்பினர்’ என்னும் சொல்லும் முற்றும் பொருந்துவதன்று. தாம் சென்று சேர்ந்த நாட்டை அதற்குமுன் கண்டறியாதோரும் அவருள் இருந்தனர்.

தாயின் காலத்தில் விடுபட்டது மகளின் காலத்திலும் தொடர்ந்தது. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தபின், முஸ்லிம் அல்லாதார் தம் திருமணத்தைப் பதிவு செய்தல் கட்டாயமாயிற்று. கோயிலில் தாலி கட்டியதே திருமணம் என்று வாழ்ந்த இணையர் சிலர் பதிவை மறந்தனர். சிலர், இருவருள் ஒருவர்க்கு ஆவணம் இன்மையால் பதிய இயலாராயினர். பதியப்படாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை கணிக்கும்போது தந்தையின் நிலை கொள்ளப்படாது. தாயின் நிலையே கொள்ளப்படும். ஆகவே, தந்தை குடிமகனாக இருந்தும், தாயிடம் ஆவணம் இல்லாமையால் பிள்ளை எந்த நாட்டுக்கும் உரியதாகாமல் நிற்க நேர்கின்றது. முன்னோர் மறதி பின்னோர்க்குத் தண்டனையாகின்றது.

பதிவு பெற்றவரும் துன்பத்தினின்று முற்றும் தப்பினாரல்லர். தமிழ்ப்பெயர் உரோமன் எழுத்தில் ஏறுங்கால் பல வடிவம் கொள்ளும். பழனி என்னும் பெயரின் ழகரத்திற்கு அங்குத் தனியெழுத்து இல்லை. முனியாண்டி என்னும் பெயரின் ஈற்றில் ஓர் எழுத்தர் ‘ஐ’ எழுத்தையும் மற்றோர் எழுத்தர் ‘ஒய்’ எழுத்தையும் இடுவர். தமிழ்ச்செல்வி ஓரிடத்தில் ஒரு சொல்லாகவும் மற்றோரிடத்தில் இரு சொல்லாகவும் நிற்பாள். தந்தையின் பெயர் ஒரு தாளில் இயற்பெயராகவும் மற்றொரு தாளில் லயத்தார் அழைத்த பெயராகவும் இருக்கும். பெயரைச் சொன்னவர்க்கு எழுதப்பட்டதைப் படித்துப் பார்க்கத் தெரியாது. எழுதியவர்க்கோ அப்பெயர் பழக்கமில்லை. பல்லாண்டு கழித்து, ஊழியர் சேமநிதியில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒருவரையே குறிப்பன என மெய்ப்பிக்கும் பொறுப்பு, அவ்விரண்டையும் எழுதாத அம்மனிதனின் தலையில் விழுகின்றது. எழுதிய கை ஒன்று. அலையும் கால் வேறொன்று.

சான்று என்றால் என்ன என்பதைத் தமிழர் நெடுங்காலத்திற்கு முன்பே எண்ணிப் பார்த்துள்ளனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில், சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட வரலாறு மாணவரும் அறிந்ததே. மணப்பந்தலில் முதியவர் ஒருவர் தோன்றி, ‘இவன் எனக்கு அடிமை’ என்கின்றார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவையின்முன் வருகின்றது. அவ்வவை சான்றுக்கு மூன்று வழிகளைக் கூறுகின்றது. நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கமாகிய ஆட்சி ஒன்று. எழுதப்பட்ட ஆவணம் ஒன்று. அறிந்த பிறர் கூறும் காட்சி ஒன்று. இம்மூன்றனுள் ஏதேனும் ஒன்றைக் காட்டினாலே போதும் என்பது அவையின் கருத்து.

இதனைச் சிவப்பு அட்டை வைத்திருக்கும் மூதாட்டியின் நிலையோடு பொருத்திப் பார்த்தால் உண்மை விளங்கும். அவருக்கு ஆட்சி உண்டு. எண்பது ஆண்டு இம்மண்ணில் இடைவிடாது வாழ்ந்த வாழ்வே அது. அயலார் காட்சியும் உண்டு. உடன் வேலை செய்தவர், கோயிலில் அறிந்தவர், பள்ளியில் உடன் பயின்றவர் எல்லாரும் அவரை அறிவர். இல்லாதது ஆவணம் ஒன்றே. பழந்தமிழ் அவை மூன்றாக வைத்த வாயில்களுள் இரண்டைத் தாழிட்டு, மூன்றாவதன் வழியே மட்டும் வருக எனக் கூறுவது இக்கால அலுவலகத்தின் வழக்கமாயிற்று.

அவ்வரலாற்றில் மேலும் இரண்டு நுட்பங்கள் உள்ளன. மெய்ப்பிக்கும் பொறுப்பை அவை சுந்தரர்மேல் ஏற்றவில்லை. ‘நீ அடிமையல்லை என்று காட்டுக’ என அவரைக் கேட்கவில்லை. பிறரொருவரைக் கட்டுப்படுத்த வந்தவரே சான்று தரல் வேண்டும் என்றது. மேலும், மூல ஓலை காட்டப்பட்டபோது, காவலில் வைக்கப்பட்டிருந்த வேறோர் ஓலையை வருவித்து, சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்தை ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்பு வழங்கப்பட்டது. ஐயம் தோன்றியவிடத்து ஆராய்ச்சியும் நிகழ்ந்தது.

இவ்விடத்தில் எதிர்த்தரப்பு வாதத்தையும் செவிமடுத்தல் கடமையாகும். ‘வாய்மொழியை நம்பினால் பொய்யரும் நுழைவர், போலி ஆவணம் செய்வோர் உள்ள நாட்டில் விதியைத் தளர்த்துவது கேடு, விதி எல்லார்க்கும் ஒன்றாக இருத்தலே நீதி’ என்பர். இவ்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இன்று இரக்கத்தினால் விதியை வளைக்கும் அலுவலர், நாளை உறவினாலும் வளைப்பர். மறுநாள் கையூட்டினாலும் வளைப்பர். விதி தளரும் இடத்தில் வலியவனுக்கே வழி பிறக்கும்; எளியவனுக்குப் பிறப்பதில்லை. அலுவலரும் தம் மேலதிகாரிக்கு விடை கூறவேண்டியவரே. அவரைக் கல்நெஞ்சர் எனப் பழிப்பது எளிது, உண்மையாகாது.

தமிழர்க்கு இதனை உணர்த்த வேற்றினத்தார் வரவேண்டுவதில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பகுதியின் வரலாறே போதும். மலாயா இரயில்வேயின் பணிமனைகளையும் குடியிருப்புகளையும் சுற்றி வளர்ந்த அப்பகுதியில், தண்டவாளம் அமைத்த தமிழ்த் தொழிலாளரும் வாழ்ந்தனர்; யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அரசாங்கத்திலும் இரயில்வேயிலும் எழுத்தராகப் பணியாற்றிய தமிழரும் வாழ்ந்தனர். முகப்பின் இருபுறத்தும் தமிழர் இருந்தனர். ஏடு எழுதியவரும் தமிழர். ஏட்டில் எழுதப்பட்டவரும், எழுதப்படாமல் விடுபட்டவரும் தமிழர். ஆகவே, இச்சிக்கலை இனத்தின் சிக்கலாக மட்டும் காண்பது குறைபாடுடையது. எழுதுகோல் உடையவனுக்கும் இல்லாதவனுக்கும் இடையே உள்ள அறத்தின் சிக்கல் இது.

விதி வேண்டும், ஐயமும் வேண்டும். எனினும், ஐயுறும் உரிமை உடையவர்க்கு ஆராயும் கடமையும் உண்டு. ‘ஆதாரம் கொண்டு வா’ என்பது ஐயத்தின் முதற்படி. அதனோடு நின்றுவிடின் அது தட்டிக்கழித்தலாகும். பழைய பிறப்புப் பதிவேடுகள் அரசிடம் உள்ளன. மருத்துவமனைக் குறிப்புகளும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளும் குடிநுழைவுக் கணக்குகளும் அரசின் கைக்கு எட்டுவன. மூதாட்டியிடம் உள்ளது நினைவு ஒன்றே. தேடும் ஆற்றல் ஒருவரிடமும் தேடும் பொறுப்பு மற்றொருவரிடமும் இருப்பது எவ்வாறு முறையாகும்? ஆற்றல் உள்ள இடத்தில் பொறுப்பும் இருத்தல் வேண்டும் என்பதே அறம்.

இக்கருத்து பிள்ளைகள்பால் இன்னும் வலிமை பெறும். தீபகற்ப மலேசியாவில் பிறப்பை 60 நாள்களுக்குள் பதிதல் வேண்டும். முன்னர் அவ்வரம்பு 14 நாளாக இருந்தது. பிறந்த குழந்தை பதிவு அலுவலகம் சென்று தன்னைப் பதிந்துகொள்ள இயலாது. பெற்றோர் தவறினர், நிருவாகம் தவறியது, அடுத்திருந்தோரும் தவறினர். தவறாத ஒரே உயிர் அக்குழந்தை. ஆயினும், பள்ளிச் சேர்க்கை, கல்வி உதவி, மருத்துவக் கட்டணம், வேலை எனப் பல இடங்களிலும் அத்தவற்றின் விலையை அதுவே கொடுத்து வருகின்றது. 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம், நாட்டுரிமை ஒவ்வொருவர்க்கும் உரியது என்று 15ஆம் விதியில் கூறுகின்றது. மலேசிய அரசமைப்புச் சட்டமும் 15ஏ விதியில், உரிய வயது வரம்பைக் கடவாத எவரையும் சிறப்புச் சூழ்நிலையில் குடிமகனாகப் பதியும் அதிகாரத்தை அரசுக்கு அளிக்கின்றது. கருணைக்கு இடமளித்தே சட்டம் எழுதப்பட்டுள்ளது என்பதற்கு இதுவே சான்று.

இவ்வதிகாரம் எவ்வாறு பயன்படுகின்றது என்பதிலும் அறம் அடங்கியுள்ளது. குடியுரிமை பற்றிய அரசின் முடிவை நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யவோ மறுஆய்வுக்கு உட்படுத்தவோ இயலாது என அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை கூறுகின்றது. பல்லாண்டு காத்திருந்த விண்ணப்பதாரர்க்குக் காரணம் குறிக்காத மறுப்புக் கடிதம் வருவதும் நெடுங்கால வழக்கம். காரணம் தெரிந்தால் குறையை நிறைவு செய்யலாம். தெரியாதவர் மீண்டும் அதே விண்ணப்பத்தை அதே குறையோடு எழுதுவர். முடிவு இறுதியானது எனில், அதற்கு முன் செய்யப்படும் ஆராய்ச்சியும் அத்துணை ஆழமாக இருத்தல் வேண்டும். காலம் தாழ்த்தலும் ஒருவகை மறுப்பே. எண்பது வயதினர்க்குப் பத்தாண்டு கழித்து வரும் இசைவு, இசைவாகாது.

வாய்மொழியை நம்பி ஓர் அரசு செயற்பட இயலுமா என்னும் வினாவுக்கு, கடலுக்கு அப்பாலுள்ள மற்றொரு தமிழ்த் தோட்ட மக்களின் வரலாறு விடை தருகின்றது. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், ஒருவர் தாம் பிறந்ததோடு தம் தந்தையும் அங்குப் பிறந்ததைக் காட்டும்படி கேட்டது. மலையகத் தோட்டங்களில் அத்தகைய ஏடு ஏது? 1949ஆம் ஆண்டின் மற்றொரு சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். மிகப் பெரும்பாலோர் மறுக்கப்பட்டனர். 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த உடன்பாடு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. ஆயினும், அதே இலங்கை 2003இல் இயற்றிய 35ஆம் எண் சட்டம் வேறு வழியைக் காட்டிற்று. 1964 அக்டோபர் 30 முதல் அந்நாட்டில் நிலையாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் குடிமக்களாக ஏற்கப்பட்டனர். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தோர்க்குத் தம் விருப்பத்தை எழுத்தில் உறுதிகூறுவதே போதுமானதாயிற்று. அவ்வாண்டில் பத்து நாள் நடந்த இயக்கத்தில் ஏறத்தாழ 190,000 பேர் பயனடைந்தனர் என்பது ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையம் தரும் செய்தி. ஐம்பத்தைந்து ஆண்டுகள் தடையாக நின்றது ஆவணமின்மை எனப்பட்டது. நிலையாக வாழ்ந்த வாழ்வே சான்று என ஏற்கப்பட்டவுடன் அத்தடை சில நாள்களில் நீங்கிற்று. சேக்கிழார் கூறும் ஆட்சி என்னும் சான்றுக்கு இக்காலத்தில் கிடைத்த ஏற்பு அது எனலாம்.

மலேசியாவிலும் அத்தகைய ஒளிக்கீற்றுகள் தோன்றாமல் இல்லை. ஆவணமற்ற இந்தியரைப் பதிவு செய்ய 2011இல் மைடஃப்தார் என்னும் இயக்கம் நடைபெற்றது. 60 வயதைக் கடந்த சிவப்பு அட்டை இந்தியர் 3,407 பேருக்குக் குடியுரிமை வழங்கப்படும் என 2018இல் பிரதமர் அறிவித்தார். பெற்றோருள் ஒருவரேனும் மலேசியராக இருப்பின், ஆவணம் நிறைவுபெறாத பிள்ளைகளையும் பள்ளியில் சேர்க்கும் நடைமுறை 2019இல் எளிதாக்கப்பட்டது. இவை பாராட்டத்தக்கவை. எனினும், ஆவணமற்ற இந்தியர் எத்தனை பேர் என்பதிலேயே பெரும் பூசல் எழுந்தது. 2013ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலை ஒட்டி எதிர்க்கட்சிகள் மூன்று இலட்சம் என்றன. அரசுத் தரப்பு சில ஆயிரம் என்றது. எவர் கூற்று சரி என்று ஏட்டைப் புரட்டி முடிவு செய்ய இயலாது. ஏடு தான் விட்டுவிட்டவர்களைத் தானே எண்ணிக் காட்டாது. ஆகையால்தான், விடுபட்டவர் வந்து நிற்கட்டும் என்று காத்திராமல் அவர்களைத் தேடிச் செல்லும் கடமை எழுகின்றது.

அக்கடமையில் தமிழ்ப்பள்ளிக்கும் பங்குண்டு. தலைமையாசிரியர் அறையில் உள்ள பழைய சேர்க்கைப் பதிவேடு, பலருக்கு இந்நாட்டில் குழந்தையாக இருந்ததற்கு எஞ்சியுள்ள ஒரே எழுத்தாக இருத்தல் கூடும். விடுதலைக் காலத்தில் 888 எனக் கணக்கிடப்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இன்று 530 அளவில் உள்ளன. மூடப்பட்ட பள்ளிகளோடும் இடம்பெயர்ந்த பள்ளிகளோடும் சேர்ந்து அவற்றின் பதிவேடுகளும் கறையானுக்கு இரையாகுமாயின், ஆவணம் என்னும் வாயிலும் சிலருக்கு அடைபடும். அவ்வேடுகளைப் பேணுவது தூசு தட்டும் வேலையன்று. ஒருவரின் குடியுரிமையைக் காக்கும் வேலை. பதிவேட்டில் மாணவர் பெயரைப் பிறப்புப் பத்திரத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு எழுதும் ஆசிரியர், அம்மாணவன் அறுபது வயதில் அலைய வேண்டிய அலைச்சலை இன்றே தவிர்க்கின்றார். பத்திரம் இல்லாத பிள்ளை வாயிலில் நின்றால், ‘ஆவணத்தோடு வருக’ என்று அனுப்பிவிடாமல், தாயை அமரச் செய்து, எங்குப் பிறந்தது, எவர் அறிவர், எந்த மருத்துவமனை என்று கேட்டு எழுதித் தருதல் வேண்டும். பதிவு அலுவலகத்திற்கு உடன் செல்ல இயலுமாயின் செல்லுதலும் வேண்டும். அயலார் காட்சி என்று பழையோர் கூறிய சான்று, அவ்வாசிரியரின் கையெழுத்தில் உயிர்பெறும்.

மாணவர்க்கும் இதில் கற்கத்தக்கது உண்டு. இன்று தமிழ்ப்பள்ளி வகுப்பறையில் அமர்ந்திருப்போருள் சிலர் நாளை முகப்பின் மறுபுறத்தில் அமர்வர். அப்போது அவர்முன் கிழிந்த உறையில் பழந்தாள்களைச் சுமந்த ஒரு முதியவர் வந்து நிற்பார். அவர் கூறுவதை ஐயுறுதல் அவ்வலுவலரின் பணி. ஐயுற்ற பின் எழுந்து சென்று பழைய ஏட்டைத் தேடிப் பார்த்தலும், கிடைக்காவிடின் அறிந்தோரை அழைத்துக் கேட்டலும், மறுக்க நேரின் காரணத்தை அவருக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைத்தலும் அதே பணியின் பகுதிகளே.